கையெழுத்துக்கு மட்டும் மனைவி

சென்னையின் முருகப்பா குழுமத்துக்குத் தலைவராக இருந்த எம்.வி.முருகப்பன் 2017இல் காலமானார். ஆண் வாரிசு இல்லை, இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம் அணுசக்திப் பொறியியலில் முனைவர். குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பர் வாக்கெடுப்பில் 91.36 சதவீதம் எதிராக விழுந்தது. பிறகு 2023இல் குடும்பத்துக்குள் சமரசம் எட்டப்பட்டது. தகுதி பார்த்துத்தான் வாக்களிப்போம் என்பார்கள் குடும்பத் தொழில் நடத்துபவர்கள். பார்க்கட்டும். கல்லூரி முடித்த கையோடு மகனைக் கல்லாவில் உட்கார வைக்கும்போது அந்தத் தராசு எங்கே போகிறது? பையனுக்கு வாத்தியார் வேலைதான் பிடிக்கும் என்றாலும் விடுவதில்லை. அதுவும் ஒருவகைச் சிறைதான். சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரத் தமிழ்நாடு 1989லேயே சட்டம் கண்டது. ஆனால் பங்கு வேறு, அதிகாரம் வேறு. பட்டியலிட்ட நிறுவனங்களில் பெண் இயக்குநர் கட்டாயம் என்றது 2013 கம்பெனிச் சட்டம். பல முதலாளிகள் வீட்டுப் பெண்களையே நியமித்துக் கணக்கை நேர்செய்தார்கள். சிறு கடைகளிலும் இதே கதைதான். கடன் பத்திரத்திலும் ஜிஎஸ்டி பதிவிலும் மனைவி பெயர், பெயர்ப்பலகையில் கணவரின் செல்பேசி எண். சரக்கு விலை கேட்டால் "அவர் வரட்டும்" என்கிறார் உரிமையாளர் அம்மா. கடை வைத்திருக்கும் அப்பாக்களே, கொள்முதல் பேரம் பேசப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள், பேசவும் விடுங்கள்.