மீனைக் குற்றம் சொல்லாதீர்கள்



வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "ராஸ் மீன்கள் சண்டைக்கார மீன்கள் சார், ஒன்றையொன்று கொன்றுவிடும்" என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தவறு மீனிடம் இல்லை, வைப்பவரிடம்.

மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் துப்புரவு ராஸ் என்றொரு மீன் உண்டு. ஒரு கூட்டத்துக்கு ஓர் ஆண், மற்றவை பெண்கள். ஆண் இறந்தால் பெரிய பெண்ணே ஆணாக மாறிவிடும். ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1972-லேயே இதை எழுதிவிட்டார். இவ்வளவு ஒழுங்கோடு வாழும் இனத்தில் இரண்டு ஆண்களைச் சிறு கண்ணாடித் தொட்டியில் அடைத்தால், தோற்றவன் எங்கே ஓடுவான்?

ஓர் இனத்துக்கு ஓர் ஆண் போதும். சாதுவை முதலில் விடுங்கள், முரடனைக் கடைசியில். புதியவனைச் சில நாள் துளையிட்ட பெட்டிக்குள் வைத்து மற்றவற்றுக்குக் காட்டுங்கள். மணலில் புதைந்து தூங்கும் வகைக்கு மணல் பரப்புங்கள். பயந்தால் வெளியே குதிக்கும். மேலே வலை போடுங்கள்.

துப்புரவு ராஸை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று வாழும் மீன் அது. தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சாகும். அங்கே பாறை மீன்களுக்கும் வைத்தியர் போய்விடும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லையா? நம்மூர்க் கடனா நதிக்கு வாருங்கள். கரையில் உட்கார்ந்து மீன் பாருங்கள். காசும் வேண்டாம், பாவமும் வேண்டாம்.