என் அம்மா சாகவில்லை

என் அம்மாவை எரித்துவிட்டீர்களே ஐயா! அவள் உயிரோடிருக்கிறாள்.

முள்ளக்காட்டு உப்பளத்தில் முப்பது வருஷமாக உப்பு வாருகிறவள். அவளைப் பற்றி ஒரு கவிதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அப்பா மக்ரூன் பொட்டலத்தோடு வருவார். ராத்திரி அம்மாவின் வெடித்த பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தேய்ப்பார். அவர் விரல் வெடிப்பில் படும்போதெல்லாம் காலை இழுத்துக்கொண்டு, "விடும், புள்ள பாக்கான்" என்று சிரிப்பாள் அம்மா. அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுதினேன்.

அச்சில், அந்தச் சிரிப்பைச் சொன்ன ஏழு வரியையும் காணோம். அந்த இடத்தில் அம்மாவைச் சிதையில் ஏற்றி, உப்பளத்தார் பாதம் வேகாது என்று எல்லோரும் சொல்லித் திரிகிற கதை. கீழே என் பெயர்! கேட்டால், "தலித் கவிதையில வலி வேண்டாமா தம்பி?" என்கிறார் ஆசிரியர்.

வலி எனக்குத் தெரியாதா? உப்பில் தெறிக்கிற வெயிலில் அம்மாவுக்குக் கண் மங்கிப்போனதையும், ஐப்பசி மழை இறங்கினால் வேலையற்று அரசு தரும் 5,000 ரூபாய்க்குக் காத்திருப்பதையும் நானேதான் எழுதியிருந்தேன். அதிலே கை வைக்கவில்லை. சந்தோஷத்தைத்தான் வெட்டினார்கள். உங்கள் தாயைப் பற்றி நீங்கள் எழுதினால் பாசம். என் தாய் மட்டும் பிணமாகத்தான் அச்சேற வேண்டுமா?

அமெரிக்காவில் கறுப்பினக் கவிஞர் நிக்கி ஜியோவானி 1968-லேயே 'நிக்கி-ரோசா' கவிதையில் இதற்காகத்தான் மனம் வெந்தார். தன் பிள்ளைப் பருவத்தை எழுத வருகிறவர்கள் வறுமையைப் பார்ப்பார்கள், வீட்டுக்குள் இருந்த அன்பைப் பார்க்க மாட்டார்கள் என்று. அங்கே போராடிய கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தின் பெயரை எடுத்து 1972-இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அவர்கள் கோபம் இங்கே வந்து சேர்ந்தது. நிக்கி வீட்டுச் சந்தோஷத்துக்கு மட்டும் வழி மறித்தது யார்?

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அச்சான கவிதையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டியிருக்கிறது. நான் வாசலில் கால் வைத்ததும் கேட்டாள்: "எய்யா, நான் செத்துட்டனா?"

எனக்கு நாக்கு எழவில்லை.

அந்த ஏழு வரியையும் போடுங்கள். இன்றைக்கும் விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு அவள் பாத்திக்குப் போய்விட்டாள்.