அது கைவிட்ட வீடில்லை

வெளிநாட்டில இருபது, முப்பது வருசம் உழைச்ச தம்பதிகளுக்கு ஒரு கனவு இருக்கு. இரணைமடுப் பக்கம் ரெண்டு மூண்டு ஏக்கர் வளவு, நடுவில ஓடு போட்ட பழைய தோட்ட வீடு, முன்னுக்கு விறாந்தை, கட்டுக்கிணறு, கிளை முறிஞ்சாலும் காய்க்கிற மாமரம். வாங்கித் திருத்தி, பின்னேரத்தில குளக்கட்டால நடந்து, மிச்சக் காலத்தை அங்க கழிக்க வேணும். நல்ல கனவுதான். ஆரும் ஊருக்குத் திரும்பி வாறதை நான் குறை சொல்ல மாட்டன். சீமெந்துப் பெட்டி வீடுகளுக்கு நடுவில பழைய சுவரொண்டு இடிபடாமல் நிண்டால் எனக்கும் சந்தோசம்.

என்ர சண்டை ஒரு சொல்லோட. 'கைவிடப்பட்ட வீடு.' விக்கிறவரும் அப்பிடித்தான் சொல்லுறார், வாங்கிறவையும் அப்பிடித்தான் சொல்லுகினம்.

இந்த ஆசைக்கு இலங்கையில ஒரு பெரிய முன்மாதிரி இருக்கு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948 இல் பெந்தோட்டைப் பக்கம் பராமரிப்பில்லாத ரப்பர் தோட்டமொண்டை வாங்கி, அதிலிருந்த பங்களாவைத் திருத்தி, 'லுணுகங்க' எண்ட தோட்டத்தை உருவாக்கினார். படங்களைப் பார்த்தவைக்கு மனம் இழுபடும். ஆனால் வன்னியில ஒரு வீடு பாழாப்போறதுக்கும் தெற்கில ஒரு தோட்டம் காடு பத்திறதுக்கும் நடுவில ஒரு போர் கிடக்கு. கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2 இல் இராணுவத்திட்டப் போனது. அதுக்கு முன்னமே சனம் உழவு மெசினில கதவு, நிலை, ஓடு எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு கிழக்கால போகத் தொடங்கிட்டுது. முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம். திரும்பி வந்தபோது கூரையில்லாத சுவர்கள்தான் வரவேற்றன. இதுக்குப் பேர் கைவிடுறதா? கலைச்சு விட்டது எண்டு சொல்லுங்கோ.

சரி, சொல்லை விடுவம். அந்த வளவில் இப்ப ஆர் இருக்கினம்?

கிளிநொச்சிக் குடியேற்றம் 1936 இல் தொடங்கினது. யாழ்ப்பாணத்தில் சன நெருக்கம், வேலையில்லை. இங்க குளமும் காடும். பிறகு மத்தியதர வகுப்பாருக்கெண்டு பெரிய துண்டுகளும் குடுபட்டது. அதை எடுத்தவையில பலர் உத்தியோகத்தர்கள். அவை யாழ்ப்பாணத்திலயோ கொழும்பிலயோ இருக்க, காணியில வேலை செய்ய வேற ஆக்கள் தேவைப்பட்டது. 1958 கலவரமும் 1977 கலவரமும் அந்த ஆக்களை அனுப்பி வைச்சன: தேயிலைத் தோட்டங்களில இருந்து அடிபட்டு வந்த மலையகத் தமிழர். அவையை வன்னியில குடியமர்த்தினதில காந்தியம் அமைப்புக்குப் பெரிய பங்கு. அதை நடத்தினவர்களில எஸ். ஏ. டேவிட் ஒரு கட்டடக் கலைஞர். வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில வெலிக்கடைச் சிறையில கொல்லப்பட்டார். பணக்காரருக்கு மாளிகை வரையக்கூடிய ஒரு மனுசன் வீடில்லாத சனத்துக்காகச் சிறைக்குப் போனது எங்கட பழைய வீட்டு ரசிகர்களுக்கு ஞாபகம் வாறதில்லை.

அந்தச் சனத்தில ஒரு பகுதி பாரதிபுரம், மலையாளபுரம் மாதிரி ஊர்களில இருக்கு. இன்னொரு பகுதி மற்றாக்களின்ர வளவுகளின்ர மூலையில. காடு வெட்டினவை, கிணறு இறைச்சவை, மிளகாய்க்கண்டு நட்டவை. முதலாளி வெளிநாடு போனாப் பிறகு காவலுக்கு நிண்டவை. கடைசியில் முதலாளி இல்லாத முள்ளிவாய்க்காலுக்கும் போய் வந்தவை. காணிப் பத்திரம் இல்லையெண்டு வீட்டுத்திட்டத்துக்கு வெளியில நிண்ட குடும்பங்களும் இதுக்குள்ள. இந்திய வீட்டுத்திட்டத்தில குடும்பத்துக்கு 5,50,000 ரூபா குடுபட்டது. அது கிடைக்க முதலில காணி உங்கட எண்டு காட்ட வேணும். இவையால எதைக் காட்ட ஏலும்?

இப்ப தம்பதி வருகினம். விலை பேசி முடிஞ்சாப் பிறகு விக்கிறவர் சொல்லுவார்: "மூலையில ஒரு குடும்பம் இருக்கு, அது பிரச்சினையில்லை, எழும்பச் சொன்னால் எழும்பிவிடுவினம்." அந்த ஒரு வசனத்திலதான் எல்லாம் கிடக்கு.

2025 மார்ச்சில என்ன நடந்தது? வடக்கில 5,940 ஏக்கர் காணிக்கு மூண்டு மாதத்துக்குள்ள உரிமை கோர வேணும், இல்லாட்டி அரச காணி எண்டு வர்த்தமானி வந்தது. நாங்கள் கொதிச்சம். போரில உறுதியைத் தொலைச்ச சனத்திட்ட உறுதி கேக்கிறது அநியாயம் எண்டு சொன்னம். சரியாச் சொன்னம், அரசாங்கமும் அதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதே நாங்கள்தான் வளவு மூலையில நாப்பது வருசம் இருந்த மனிசியிட்ட, "உங்களிட்ட உறுதி இருக்கோ அம்மா?" எண்டு கேக்கிறம். அரசு கேட்டால் நில அபகரிப்பு, நாங்கள் கேட்டால் சட்டம்!

சட்டம் எண்டதால அதையும் கொஞ்சம் கதைப்பம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுத ஏலாது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் சரி. இல்லாதவை என்ன செய்யினம்? மச்சானின்ர பேரில, மாமியின்ர பேரில எழுதுகினம். குடியேற்றக் காணியெண்டால் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குறுக்க நிக்கும்: பேமிற் காணியை நினைச்சபாட்டுக்கு விக்க ஏலாது, பிரதேச செயலாளரின்ர சம்மதம் வேணும். அதுக்கும் அற்றோணித் தத்துவம் எண்டு ஒரு வழி கண்டுபிடிச்சு வைச்சிருக்கினம். எங்களுக்கெண்டால் சட்டத்தை இப்பிடி வளைக்கலாம். கால் ஏக்கர் கேக்கிற கூலிக் குடும்பத்துக்கு மட்டும் அது இரும்புக் கம்பி.

"காசு குடுத்து வாங்கினனாங்கள், நாலு பேருக்கு வேலையும் குடுக்கிறம்" எண்டு பதில் வரும். உண்மைதான், மேசன்மாருக்கு மூண்டு மாதம் வேலை கிடைக்கும். "எங்கட அப்பா வேர்வை சிந்தின காணி" எண்டும் சொல்லுவினம். சில அப்பாமார் சிந்தினவைதான். என்ர சொந்தத்திலயும் அப்பிடி ஆக்கள் இருக்கினம். ஆனால் பக்கத்தில நிண்டு சிந்தினவனுக்கு என்ன கணக்கு?

தண்ணியையும் யோசியுங்கோ. சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணி முழு வயலுக்கும் காணாது. கூட்டம் கூடித்தான் எவ்வளவு ஏக்கர் எண்டு முடிவெடுக்கிறது. காணிக்காரருக்குப் பங்கு, குத்தகைக்காரன் அந்தப் பங்கைக் காசு குடுத்து எடுக்க வேணும். யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணி கொண்டுபோற திட்டம் வந்தபோது இரணைமடுக் கமக்காரர் எதிர்த்தவை, அதில் நியாயமிருந்தது. ஊரில இல்லாத காணிக்காரரின்ர தண்ணிப் பங்கைப் பற்றி அந்தளவு சத்தம் ஒருநாளும் கேக்கேல்லை.

வாங்கோ, வீட்டைத் திருத்துங்கோ. பனஞ்சிலாகை தேடி அலையுங்கோ, பழைய ஓட்டுக்கு ஏத்த ஓடு தேடுங்கோ, சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிஞ்ச கிழவனைக் கண்டுபிடியுங்கோ. ஆனால் மேசனுக்கு முதல் நில அளவையாளரைக் கூப்பிடுங்கோ. உறுதிக் காணியெண்டால் அந்தக் குடும்பம் இருக்கிற துண்டை, கிணத்துக்குப் போற பாதையோட சேர்த்துப் பிரிச்சு, அந்த வீட்டு மனிசியின்ர பேரில எழுதுங்கோ. பேமிற் காணியெண்டால் பிரதேச செயலகத்தில அந்தக் குடும்பத்தின்ர கோரிக்கைக் கடிதத்துக்கு உங்கட ஆதரவுக் கையெழுத்தும் போகட்டும். நொத்தாரிசுக் காசு உங்கட செலவு. விறாந்தைக்குப் பொலிஷ் அடிக்க ஆகிற காசிலயும் பார்க்க அது கூட வராது.