மகன் வந்துக்கிட்டிருக்கான்

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தலுக்குள் நுழைகிறவர் "எப்ப எடுக்குறாங்க?" என்றுதான் முதலில் கேட்பார். பல வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில்: "மகன் வந்துக்கிட்டிருக்கான்." சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ அவன் திருச்சியில் வந்து இறங்கும்வரை ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். கரண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று வாசலில் ஜெனரேட்டரும் நிற்கும். நெல்லையும் தென்னையையும் நம்பியிருந்த இந்த வட்டாரத்தில் இன்று தெருவுக்குத் தெரு கடல் கடந்து சம்பாதிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கோ ஒரு விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் அந்தப் பாரம் இங்கே ஒரு குடும்பத்தின் நெஞ்சில் ஏறுகிறது.

என் பெரியப்பா இறந்தபோது இதை அருகிலிருந்து பார்த்தேன். அண்ணனுக்கு வளைகுடாவில் வேலை. சேதி கேட்ட அன்று இரவே புறப்பட்டுவிட்டார். ஒரே டிக்கெட்டில் திருச்சி வர இடமில்லை. இரண்டு விமான நிறுவனங்களில் தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தார். முதல் விமானம் தாமதமாக வந்து சேர்ந்ததால் அடுத்ததைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது நிறுவனத்தின் கவுண்டரில், "அது எங்கள் பொறுப்பல்ல, புது டிக்கெட் எடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய பொழுது முழுக்க விமான நிலைய நாற்காலியில் கழிந்தது. இங்கே பெரியவர்கள் கூடிப் பேசி, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

அண்ணன் மறுநாள் காலை பால் தெளிக்கும் நேரத்துக்குத்தான் வந்தார். வீட்டுக்குப் போகாமல் கார் நேரே சுடுகாட்டுக்கு வந்தது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருக்க, பால் சொம்பை வாங்கிக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் முன்னாடியே கெளம்பியிருக்கலாம்ல" என்றார். அண்ணன் பதில் பேசவில்லை. வழியில் பட்ட அத்தனை அலைச்சலையும்விட அந்த ஒரு வார்த்தைதான் அவரை இன்றைக்கும் உறுத்துகிறது.

நம் முன்னோர்களும் தாமதத்தோடுதான் ஊர் திரும்பினார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்கள் பலியாகி, அந்தக் கப்பல் பயணமே முடிவுக்கு வந்தது. நாள்கணக்கில் கடலில் கிடந்த பயணம் அது. அன்றைக்குக் கப்பல் ஒரு நாள் பிந்தினால் யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. கடல் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மேல்தளத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரும் பெரும்பாலும் நம்ம பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். இன்று நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்துவிடலாம். ஆனால் வழியில் ஒன்று தவறினால், மொழி தெரியாத ஊரில், சார்ஜ் தீரும் செல்போனோடு, தனி ஆளாக நிற்க வேண்டியிருக்கிறது. அந்தத் தனிமையில் கைகொடுப்பது, தனக்கு என்னென்ன உரிமை உண்டு என்ற விவரம்தான்.

முதலில் டிக்கெட். இறங்கி ஏற வேண்டிய பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் பிந்தியதால் அடுத்ததைத் தவறவிட்டாலும், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் நம் தலையில். சில ஆயிரம் மிச்சமாகிறது என்று பிரித்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

அடுத்து, வாய்விட்டுக் கேட்பது. நம் நாட்டு நிறுவனங்களுக்கு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) விதி வகுத்திருக்கிறது. பயண நேரத்தைப் பொறுத்து 2, 3 அல்லது 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் காத்திருப்பவருக்குச் சாப்பாடு தர வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்க இடம் தர வேண்டும். புயல், போர் போல நிறுவனத்தின் கையை மீறிய காரணமென்றால் விலக்கு உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்தந்த நாட்டு விதியும் பொருந்தலாம். நம் பிள்ளைகளோ வரிசையின் கடைசியில் பேசாமல் நிற்கிறார்கள். "அப்பா இறந்துட்டாங்க, அடக்கத்துக்குப் போகணும்" என்று கவுண்டரில் சொல்லக் கூச்சமே வேண்டாம். சொன்னால் ஒவ்வொரு முறையும் இடம் கிடைத்துவிடாது. சொல்லாவிட்டால் கேட்பதற்கும் ஆளில்லை.

பெட்டி வராமல் போவதும் அடிக்கடி நடப்பதுதான். அட்டைப் பெட்டியைப் பழுப்பு டேப்பால் சுற்றி, அதன்மேல் நைலான் கயிறு கட்டி, மார்க்கரில் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் என்று எழுதியிருப்பார்கள். உள்ளே பிள்ளைகளுக்கு சாக்லேட்டும் அம்மாவுக்குத் தைலமும் இருக்கும். பெல்ட் நின்ற பிறகும் பெட்டி வரவில்லையென்றால், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிடக் கூடாது. உள்ளேயே எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். போர்டிங் பாஸில் ஒட்டித் தந்த சிறு பார்கோடு சீட்டுதான் அந்தப் பெட்டிக்குச் சாட்சி. இந்தியா 2009இல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி உடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். தாமதமாகக் கிடைத்தால் 21 நாள் அவகாசம். 21 நாளாகியும் வராத பெட்டிக்கு, தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் முறையிடலாம்.

பாஸ்போர்ட் தொலைந்தாலும் வழியுண்டு. வளைகுடாவில் அவுட்பாஸ் என்கிறார்களே, அந்த அவசரச் சான்றிதழை இந்தியத் தூதரகம் தரும். ஒருமுறை தாயகம் திரும்ப அது போதும். பாஸ்போர்ட் நகல் ஒன்று வீட்டில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கொரோனா முடக்கத்தில் வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவர 2020 மே மாதம் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியபோது, அதற்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஜூனில் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு ஆட்களை ஏற்றி வந்தது. அந்தக் காலத்தில் பெற்றவர் முகத்தைக் கடைசியாக வீடியோவில் மட்டுமே பார்த்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். உலகமே நின்றுபோனதால் அவர்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. அதே நியாயம் விமானத்தைத் தவறவிட்ட ஒருவனுக்கும் உண்டு.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வந்துகொண்டிருப்பவருக்கு ஆளாளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் போடாதீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் அவரோடு பேசட்டும். "நீ வர முடியலைன்னா நாங்க பாத்துக்குறோம், மனசை விடாதே" என்று பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். வந்து இறங்கியவரிடம் ஏன் தாமதம் என்று விசாரிக்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.