முதல் கோணல்

மாதிரி விமானம் கட்டும் போட்டிகள் இன்று இந்தியப் பொறியியல் மாணவர்களிடையே நன்கு அறிமுகமானவை. என்.சி.சி. விமானப் பிரிவின் பயிற்சியிலும் இக்கலைக்கு இடமுண்டு. ஆயினும் இறக்கையின் வளைவு குறித்தும் மோட்டாரின் திறன் குறித்தும் நடைபெறும் விவாதத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, பலகையில் ஒரு துளையைச் செங்குத்தாக இடுவது குறித்து நடைபெறுவதில்லை. அது பட்டறைப் பணியாளரின் வேலை என்னும் எண்ணம் கல்விப்புலத்தில் ஊறியிருக்கிறது. அவ்வெண்ணத்தின் விலை என்ன என்பதை எளிய கணக்கே காட்டிவிடும்.

12 மி.மீ. தடிமனுள்ள பலகையில் துளை 3 பாகை சாய்ந்தால், மறுபுறம் அது 0.6 மி.மீ. விலகி வெளிப்படும். ஃபயர்வால் எனப்படும் முகப்புப் பலகையில் மோட்டாரைப் பிணைக்கும் நான்கு துளைகளும் இவ்வாறு திசைக்கொன்றாகச் சாய்ந்தால், போல்ட்டுகள் பின்புற நட்டுகளில் நேராகப் பொருந்தா. அவற்றைப் பொருத்துவதற்காகத் துளையை அகலமாக்குவர். பிறகு அதிர்வில் பிணைப்புத் தளரும். இறக்கையில் விளைவு இன்னும் பெரிது. இறக்கையைத் தாங்கும் கம்பிக்கான துளை 1 பாகை பிசகினால், 600 மி.மீ. நீளமுள்ள அரை இறக்கையின் நுனி ஏறத்தாழ 10 மி.மீ. இடம் மாறும். இரு இறக்கைகளும் சமச்சீர் இழக்கும். முதல் கோணல் முற்றும் கோணல் என்ற பழமொழிக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இப்பிழையைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. பால்சா மரம் மென்மையானது; டிரில் பிட் அதன் நார்வரியைப் பற்றிக்கொண்டு வழிமாறும். ஆகவே முதலில் குறிமுனையால் ஒரு குழி. பின் சிறு துளை. அதன்பின்னரே முழு அளவு. அடியில் ஒரு கழிவுப் பலகை இருந்தால் மறுபுறம் பிய்யாது. பிட்டின் அருகே மூலைமட்டத்தை நிறுத்தி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு திசையில் நேராகத் தெரிவது மறுதிசையில் சாய்ந்திருக்கலாம். துல்லியமாகத் துளையிட்ட கடினமரக் கட்டையொன்றை வழிகாட்டியாக வைத்தால் கையின் நடுக்கமும் கட்டுப்படும். இரு இறக்கைகளின் விலாச்சட்டங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே முறையில் துளையிடுவதும் நல்ல வழக்கம். ஆனால் அங்கும் துளை சாய்ந்தால், மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையே பிசகு நுழைந்துவிடும்.

லேசர் வெட்டும் இயந்திரம் இருக்கையில் இவை எதற்கு என்ற வினா எழலாம். மெல்லிய பலகைகளைப் பொறுத்தவரை அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆனால் தடித்த கட்டைகளிலும், ஏற்கெனவே ஒட்டி முடித்த உடற்பகுதியிலும் இறுதித் துளைகளைக் கைதான் இட வேண்டியுள்ளது. இயந்திரமும் தானாக நேர்மையடைவதில்லை. பெஞ்ச் டிரில்லிங் இயந்திரத்தின் சக்கில் வளைந்த கம்பியொன்றைப் பூட்டி, அதன் நுனி மேசையைத் தொடுமாறு வைத்துக் கையால் சுழற்றினால் உண்மை தெரியும்: ஒருபுறம் உரசி மறுபுறம் இடைவெளி விட்டால், மேசை சாய்ந்திருக்கிறது. இச்சோதனையைச் செய்யத் தோன்றுவது, கோணலின் விளைவைக் கையால் அறிந்தவருக்கே.

மேலும், பல மாதிரி விமானங்களில் மோட்டாரின் அச்சை 2 அல்லது 3 பாகை கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் வேண்டுமென்றே சாய்த்து அமைப்பர். பிழையாக நேர்ந்த சாய்வு அந்தத் திட்டமிட்ட சாய்வை விழுங்கிவிடக்கூடும். சுழியத்தை நிறுத்த அறியாதவர் இரண்டு பாகையை நிறுத்த முடியாது.

எனவே மாதிரி விமானக் குழுக்களில் சேரும் ஒவ்வொரு மாணவரும், வரைபடத்தைத் தொடும் முன் ஒரு பலகையில் நான்கு துளைகள் இட்டு, அவற்றில் நேரான கம்பிகளைச் செருகி, சாய்வை அளந்து பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்கு மதிப்பெண்ணும் வழங்கப்பட வேண்டும். இதற்கான செலவு ஒரு துண்டுப் பலகையும் ஒரு மணி நேரமும் மட்டுமே. முக்கோணவியலில் முழு மதிப்பெண் பெற்ற மாணவர், ஒரு பாகை என்பது உண்மையில் எவ்வளவு என்பதை அங்குதான் முதன்முறையாகக் காண்பார்.