ட்ரூ க்ரைம் தொடர்கள்: தீர்ப்பு எடிட்டிங் மேசையில் எழுதப்படுகிறதா?

‘ஒரே ஒரு எபிசோடு பார்த்துட்டுத் தூங்கிடலாம்’ என்று ஆரம்பித்து, விடிய விடிய முழுத் தொடரையும் பார்த்து முடிப்பவர்கள் ஏராளம். ‘யார் செய்தது?’ என்ற கேள்வியைக் கடைசிவரை இழுத்துச் செல்வதுதான் நிஜக் குற்றத் தொடர்களின் ஃபார்முலா. ஆனால், இது கதையல்ல. நிஜ மனிதர்களின் வாழ்க்கை.

நல்லது நடந்ததா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டல்லஸில் 1976-ல் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் ஆடம்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுளாகக் குறைந்தது. எரோல் மோரிஸின் ‘தி தின் ப்ளூ லைன்’ (1988) ஆவணப்படம், சாட்சிகள் சொன்ன வெவ்வேறு கதைகளையும் நடித்துக் காட்டி, சந்தேகத்தை எழுப்பியது. 1989-ல் ஆடம்ஸ் விடுதலையானார். இன்று பல தொடர்கள் அதே உத்தியை, ஒரே ஒரு கதையை நம்பவைக்கவே பயன்படுத்துகின்றன.

சிக்கல் எங்கே?

2015-ல் எச்.பி.ஓ. வெளியிட்ட ‘தி ஜின்க்ஸ்’ தொடரின் கடைசிக் காட்சி. மைக் ஆனில் இருப்பதை மறந்து, கழிவறையில் தனக்குத்தானே பேசுகிறார் ராபர்ட் டர்ஸ்ட். தான் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொண்டு, எல்லாரையும் கொன்றதாக அவரே பதில் சொல்வதுபோல் தொடர் முடிகிறது. 2019-ல் நீதிமன்றம் வழியாக வெளிவந்த முழுப் பதிவில் வரிசையே வேறு. ‘கொன்றேன்’ என்பது முதலில் வருகிறது; கேள்வி பல வாக்கியங்கள் தள்ளித்தான் வருகிறது. 2021-ல் டர்ஸ்ட் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அதற்காக வெட்டி ஒட்டியது சரியாகிவிடாது.

இந்தியாவில் என்ன நிலை?

ஷீனா போரா கொலை வழக்கு விசாரணை முடியும் முன்பே, இந்திராணி முகர்ஜி பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடர் 2024-ல் தயாரானது. தடை கேட்டு பாம்பே உயர் நீதிமன்றம் போனது சி.பி.ஐ. தொடரைப் பார்த்த நீதிபதிகள், விசாரணையைப் பாதிக்கும் எதுவும் அதில் இல்லை என்று மனுவை ஏற்கவில்லை.

சட்டம் தடுக்கவில்லை என்பதோடு பொறுப்பு முடிந்துவிடுமா? முடியாது. எது நிஜக் காட்சி, எது நடிப்பு, எந்தப் பேச்சு வெட்டி ஒட்டப்பட்டது என்பதைத் திரையிலேயே சொல்வதுதான் குறைந்தபட்ச நேர்மை.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ‘இவர்தான் செய்தார்’ என்று ஸ்டேட்டஸ் போடும் முன், ‘இதில் யார் பேசவே இல்லை?’ என்று ஒரு தடவை யோசிக்கலாம். பெரும்பாலும் அது கொல்லப்பட்டவராகத்தான் இருப்பார்.