பார்மசி மாணவர்களுக்குப் பஸ்தியிலும் வகுப்பு வேண்டும்

இந்தியாவின் மருந்து உற்பத்தியில் ஹைதராபாத்துக்குத் தனி இடம் உண்டு. 1960களில் நகரின் பாலாநகர் பகுதியில் அரசு தொடங்கிய ஐ.டி.பி.எல். மருந்து ஆலையும் அங்கே தொழில் பழகியவர்களும் இட்ட அடித்தளம் அது. இன்று ஜீனோம் வேலி என்ற உயிரித் தொழில்நுட்ப வளாகமும், நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும், ஏராளமான பார்மசி கல்லூரிகளும் ஹைதராபாத்தில் இருக்கின்றன. ஆனால், அதே நகரின் ஏழைக் குடியிருப்புகளில் எந்த மாத்திரை சர்க்கரைக்கு, எது ரத்த அழுத்தத்துக்கு என்று பொறுமையாகச் சொல்லித்தர ஆளில்லை.

இந்தக் குடியிருப்புகளுக்காகத்தான் தெலங்கானா அரசு 2018இல் பஸ்தி தவாகானா என்னும் சிறு மருத்துவ மையங்களைத் திறந்தது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் உதவியாளர் என்பதே அவற்றின் அடிப்படை அமைப்பு. கூட்டம் நிற்கும்போது மருந்தைக் கையில் கொடுப்பதற்குத்தான் நேரம் இருக்கும், விளக்குவதற்கு இருக்காது. அதனால் ஹைதராபாத்தின் பார்மசி மாணவர்களைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக, மதிப்பெண்ணோடு, வாரந்தோறும் இந்த மையங்களுக்கும் இங்கே வரும் நோயாளிகளின் வீடுகளுக்கும் அனுப்ப வேண்டும்.

பாடத்திட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. பி.பார்ம். எட்டாம் பருவத்தில் சமூக, நோய்த்தடுப்பு மருந்தியல் ஒரு பாடம். அதற்கு 45 மணி நேரம், அத்தனையும் வகுப்பறைக்குள். ஆறாம் பருவத்துக்குப் பிறகு 150 மணி நேரப் பயிற்சி உண்டு. அது பெரும்பாலும் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ முடிந்துவிடுகிறது. 2008இல் வந்த பார்ம்.டி. படிப்பின் ஓராண்டு பயிற்சியும் மருத்துவமனை வார்டுகளைச் சுற்றியே. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு மருந்து என்னவாகிறது என்பதை மாணவர் பார்ப்பதே இல்லை.

பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டின் மாத்திரைப் பையைத் தரையில் கொட்டச் சொன்னால் போதும். ரத்த அழுத்தத்துக்கு அரசு மையம் தந்த டெல்மிசார்டானும், தனியார் மருத்துவர் வேறு பெயரில் எழுதிய அதே டெல்மிசார்டானும் சேர்ந்தே கிடக்கலாம். இரண்டையும் விழுங்குகிறவருக்குத் தலைசுற்றல் ஏன் என்று புரியாது. மெல்லக் கரைய வேண்டிய மெட்பார்மின் மாத்திரையை, விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் குடிப்பவர்கள் உண்டு. அடுத்த காய்ச்சலுக்கென்று மிச்சம் பிடித்த ஆன்டிபயாடிக் மூன்று, அட்டையிலேயே இருக்கும். சில ஆன்டிபயாடிக்குகளின் விற்பனையைக் கட்டுப்படுத்த 2014 முதல் நடப்பிலுள்ள ஹெச்1 அட்டவணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாணவருக்கு, அது எதற்காக வந்தது என்று அந்த மூன்று மாத்திரைகள் சொல்லிக்கொடுக்கும். நகரை ஒட்டிய பட்டான்சேருவில் மருந்து ஆலைக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், மாத்திரை சாப்பிட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிக அளவில் சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றி ஹைதராபாத் மாணவருக்குப் பாடம் நடத்த வெளியூர் உதாரணம் தேவையில்லை.

மருந்தாளுநர் தினத்தன்று பதாகை பிடித்து ஊர்வலம் போவதும், ஒருநாள் முகாமில் சர்க்கரை அளவு பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதும் இதற்கு ஈடாகாது. ஒரே குடும்பத்தை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தால்தான், சொன்னது பலித்ததா என்று தெரியும். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. பார்மசிக்கு ஏன் கூடாது?

பதிவு பெறாத மாணவர்கள் தவறாக ஏதும் சொல்லிவிட்டால் என்ற அச்சம் நியாயமானது. அவர்கள் மருந்து வழங்கவோ மாற்றவோ கூடாது. கண்டதைக் குறித்து, உடன் வரும் ஆசிரியர் வழியாக மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். காலியாகக் கிடக்கும் பணியிடங்களைச் சம்பளமில்லாத மாணவர்களை வைத்து நிரப்புவதையும் ஏற்க முடியாது. தவாகானாக்களுக்கு மருந்தாளுநர்களை நியமிப்பது அரசின் கடமை. மாணவர் சேவை அதற்கு மாற்று அல்ல.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்திருக்கிறது. அந்த வீடுகளுக்கு நம் பார்மசி மாணவர்களையும் அனுப்பலாம். இந்திய பார்மசி கவுன்சில் அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை காத்திராமல் ஹைதராபாத், சென்னைக் கல்லூரிகள் தாமாகவே தொடங்க வேண்டும்.